குடத்தை எண்ணிப் பாத்தி போடுங்கள்!

தோட்டத்துக் கேள்வி பதில்

பங்குனி வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. இந்த இரண்டு வாரத்தில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோடைக் காய்கறி பற்றியவை. ‘மேட்டுப்பாத்தி போட்டேன், காய்ந்துவிட்டது’, ‘பூச்சி தாங்க முடியவில்லை’, ‘நிழல்வலை போடலாமா?’ என்று கேள்விகள் பலவிதம். அவற்றில் ஒரு கடிதத்தை மட்டும் முழுதாக எடுத்துக்கொண்டு விரிவாகப் பதில் சொல்கிறேன். அதற்குள்ளேயே மற்றவர்களுக்கான பதிலும் பெரும்பாலும் அடங்கிவிடும். தனியாகச் சொல்ல வேண்டியவை கடைசியில்.

தர்மபுரி மாவட்டம் அரூர் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“ஐயா, வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் செம்மண் நிலம் இருக்கிறது. போர் தண்ணீர் காலையில் முக்கால் மணி நேரம் வரும். பிறகு காற்றுதான். வீட்டுக்கும் இரண்டு மாட்டுக்கும் போக 200 லிட்டர் தேறும். போன கோடையில் ஒரு அடி உயரத்தில் 20 மேட்டுப்பாத்தி போட்டு, வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் வைத்தேன். வெண்டை மஞ்சளாகிவிட்டது. கத்தரியில் இலைக்கு அடியில் ஒட்டடை கட்டிச் சிவப்பாகப் பேன். தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டியது. மருந்துக்கடையில் கொடுத்ததை மூன்று முறை அடித்தேன், கேட்கவில்லை. இந்த வருஷம் மகளிர் குழுவில் 15,000 ரூபாய் கடன் எடுத்து, நிழல்வலை போட்டு, நல்ல மருந்தாக வாங்கி அடிக்கலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். பிள்ளைகளுக்குக் காய் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. என்ன செய்யலாம்?”

சகோதரி, கடன் வேண்டாம். ஆனால், தோட்டத்தையும் விட வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. 20 பாத்தி, 200 லிட்டர். இந்த இரண்டு எண்களும்தான் ஒன்றோடொன்று சேரவில்லை.

தண்ணீர்க் கணக்கு

4 அடி அகலம், 10 அடி நீளம் உள்ள ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். பரப்பு 40 சதுர அடி, அதாவது 3.7 சதுர மீட்டர். கோடையில் நம் உள்மாவட்டங்களில் காய்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் நின்றால் அது 1 லிட்டர். ஆக, ஒரு பாத்திக்கு ஒரு நாளைக்கு 22 லிட்டர் தேவை. 12 லிட்டர் பிடிக்கிற குடத்தில் சொன்னால், பாத்திக்கு இரண்டு குடம்.

உங்கள் 20 பாத்திக்கு நாளுக்கு 40 குடம் வேண்டும். உங்களிடம் இருந்ததோ 16 குடம். எல்லாப் பாத்திக்கும் பங்கு வைத்ததில், ஒவ்வொன்றுக்கும் ஒரு குடம்கூடப் போகவில்லை. செடி சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. அரை வயிற்றில் நின்ற அந்தச் செடிமேல்தான் பேன் ஏறியது.

இதில் பூச்சிக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். செடி இலை வழியாக நீரை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது. நமக்கு வியர்ப்பது போல. வேரில் ஈரம் இல்லை என்றால் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். வியர்க்காத உடம்பு போல இலை சூடேறும். செம்பேன், சிலந்திப்பேன் என்று சொல்கிறோமே, அதற்கு இந்தச் சூடும் வறட்சியும் புழுதியும்தான் கொண்டாட்டம். கடும் வெயிலில் ஒரு வாரம், பத்து நாளிலேயே ஒரு தலைமுறை முடிந்து அடுத்த தலைமுறை வந்துவிடும். இதற்கு நடுவே எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தை அடித்தால், பேனைத் தின்று வாழும் நல்ல பேன்களும் பொறிவண்டுகளும் முதலில் சாகும். செம்பேன் இலைக்கு அடியில் ஒட்டடைக்குள் தப்பித்துக்கொள்ளும். மூன்று முறை அடித்தும் கேட்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

தண்ணீர் விட்டால் பூச்சியே வராது என்று நான் சொல்லவில்லை. வெண்டைக்கு வருகிற மஞ்சள் நரம்புத் தேமல் நோய், நன்றாகத் தண்ணீர் குடித்த செடிக்கும் வரும். அதற்கு வேறு வழி உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால், கோடையில் வருகிற தொல்லைகளில் பாதியை வேரின் ஈரத்தை வைத்தே தடுத்துவிடலாம்.

ஆகவே, இந்தக் கோடைக்கு உங்களுக்கு 8 பாத்திதான். 16 குடத்துக்கு 8 பாத்தி. மற்ற வாசகர்களும் இதே போல் உங்கள் குடத்தை எண்ணுங்கள். போர், கிணறு எதுவானாலும் பங்குனியில் வருகிற தண்ணீர் வைகாசியில் வராது. போன வருஷம் வைகாசியில் எவ்வளவு வந்தது என்று யோசித்து, அந்த அளவை இரண்டால் வகுத்துப் பாத்தி போடுங்கள்.

தாம்பாளம் போல மேடு

மேட்டுப்பாத்தி மழைக்காலத்துக்காக வந்த முறை. தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், வேருக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதற்காக மண்ணை உயர்த்தினார்கள். கோடையில் அதே உயரம் எதிரியாகிவிடும். ஓர் அடி உயரப் பாத்தியில் மேலே மட்டுமல்ல, நான்கு பக்கமும் வெயிலும் காற்றும் படும். அதிலும் செம்மண், மணல் கலந்த மண் என்றால் ஓரங்கள் இரண்டே நாளில் பொடியாகும். ஊற்றுகிற தண்ணீரும் சரிந்து நடைபாதைக்குப் போய்விடும்.

மேட்டுப்பாத்தியின் பலன் உயரத்தில் மட்டும் இல்லை. மிதிபடாத, பொலபொலப்பான, மக்கு நிறைந்த மண்ணில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உயரத்தை மட்டும் குறைத்துவிடலாம். செம்மண்ணுக்குக் கோடையில் அரை அடி உயரம் போதும். அகலம் 4 அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்றபடி நடுவரை கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைக்கக் கூடாது. பாத்தியின் நான்கு ஓரத்திலும் இரண்டு, மூன்று அங்குலத்துக்குச் சின்ன வரப்பு அணைத்து, நடுப்பகுதி சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். பார்க்கத் தாம்பாளம் போல இருக்க வேண்டும். அப்போதுதான் ஊற்றுகிற குடம் உள்ளேயே நிற்கும்.

அடிமண்ணை ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திவிட்டு, பாத்திக்கு 20 கிலோ நன்கு மக்கிய தொழு உரம், அரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்துவிடுங்கள். பச்சைச் சாணம் போடாதீர்கள். அது மக்கும்போது சூடு கிளப்பும், கறையானையும் வண்டுப் புழுவையும் கூட்டி வரும். கோடையில் மக்கிய உரத்தை வெறும் உரமாக மட்டும் நினைக்காதீர்கள். செம்மண்ணில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற பஞ்சு அதுதான்.

அடுத்தது மூடாக்கு. மதிய வெயிலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். வெறும் காலில் ஓர் அடி வைக்க முடியாத மண்ணில் மேல்வேர் எப்படிப் பிழைக்கும்? கடலைக்கொடி, வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த இலைதழை என்று கிடைப்பதை இரண்டு, மூன்று அங்குலம் கனத்தில் பரப்புங்கள். விதைத்தவுடன் போடாமல், செடி அரைச் சாண் வளர்ந்த பிறகு போடுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். தென்னை நார்க்கழிவைப் பச்சையாகக் கொட்டாதீர்கள். அது மக்க வைத்த பிறகுதான் செடிக்கு ஆகும்.

நிழலுக்குக் கடன் வேண்டாம்

வெண்டை, கொத்தவரை, காராமணி, பந்தல் காய்கள் எல்லாம் வெயிலை விரும்புகிற பயிர்கள். 50 சதவிகித நிழல்வலைக்கு அடியில் அவை வைத்தால் செடி நெட்டையாக ஓடும், காய் குறையும். நிழல் தேவைப்படுவது கீரைக்கும் நாற்றுக்கும்தான். உங்கள் 8 பாத்தியில் அது இரண்டே இரண்டு. அதற்குப் பழைய வேட்டி போதும். நான்கு கம்பு நட்டு, மூன்றடி உயரத்தில் காலை 11 மணிக்குக் கட்டி, மாலை 4 மணிக்கு அவிழ்த்துவிடுங்கள்.

மற்றப் பாத்திகளுக்கு வேண்டியது மேற்கு வெயிலிலிருந்து கொஞ்சம் காப்பு. நண்பகலைவிட பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை அடிக்கிற வெயில்தான் செடியை வாட்டும். தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஆறடிக் கம்பு நட்டு, தென்னங்கீற்றுத் தட்டியைக் காற்று புகும்படி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். இல்லையென்றால் பந்தல் பாத்தியை மேற்கில் வைத்து, பீர்க்கையோ பாகலையோ ஏற்றிவிடுங்கள். தட்டியும் அதுவே, காயும் அதுவே.

எந்தப் பாத்தியில் என்ன?

தக்காளியை இந்தக் கோடைக்கு விட்டுவிடுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். பூ கொட்டத்தான் செய்யும். உங்கள் போன வருஷத் தக்காளிக்கு எந்த டானிக் அடித்தாலும் பெரிதாகப் பலன் இருந்திருக்காது.

எட்டுப் பாத்தியை இப்படிப் பிரிக்கலாம்:

வெண்டை – 2 பாத்தி. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓர் அடி. ஒரு பாத்திக்கு மூன்று வரிசையில் 30 செடி. விதையை ஓர் இரவு ஊற வைத்து ஊன்றுங்கள். 45 நாளில் காய் பறிக்கத் தொடங்கலாம். ரகத்தில்தான் பாதி வெற்றி. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்கா அனாமிகா போல, மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்குகிற ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

கொத்தவரை – 1 பாத்தி. வறட்சியை இவ்வளவு தாங்குகிற காய் வேறு இல்லை.

காராமணி – 1 பாத்தி. காயும் ஆகும், முற்றினால் பயறும் ஆகும்.

கீரை – 2 பாத்தி. தண்டுக்கீரையும் அரைக்கீரையும். பத்து நாள் இடைவெளியில் ஒவ்வொரு பாத்தியாக விதையுங்கள். முதல் கீரை 25 நாளில் அடுப்புக்கு வந்துவிடும்.

கத்தரி, மிளகாய் – இரண்டும் சேர்த்து 1 பாத்தி. இனி விதைத்து நாற்றுவிட நேரமில்லை, நல்ல நாற்றாக வாங்கி மாலையில் நடுங்கள்.

பந்தல் காய் – 1 பாத்தி, மேற்கு ஓரத்தில். கடும் வெயிலில் பாகல், பீர்க்கு, சுரை எல்லாவற்றிலும் ஆண் பூ அதிகமாகவும் பெண் பூ குறைவாகவும் வரும். பயப்பட வேண்டாம், வெயில் தணிந்ததும் சரியாகும்.

எல்லாம் இந்தப் பதினைந்து நாளுக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். மே 4-ம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். அதற்குள் வேர் ஆழம் போய், இலை தரையை மூடியிருக்க வேண்டும். கத்திரி வெயிலில் பிஞ்சுச் செடியை வைத்துக்கொண்டு யாராலும் காப்பாற்ற முடியாது.

தண்ணீர் விடும் முறை

முளைக்கிற வரை எல்லாப் பாத்திக்கும் தினமும் பூவாளியால் லேசாகத் தெளியுங்கள். செடி நிலைத்த பிறகு முறையை மாற்றிவிடுங்கள். கீரைப் பாத்தி இரண்டுக்கும் தினமும் தலா 2 குடம், ஆக 4 குடம். மீதி 12 குடத்தை ஆறு பாத்திக்கும் பங்கு போடாதீர்கள். இன்று மூன்று பாத்திக்குத் தலா 4 குடம், நாளை அடுத்த மூன்று பாத்திக்குத் தலா 4 குடம். தினமும் மேலோடு நனைத்தால் வேர் மேலேயே சுற்றும், ஒரு நாள் தண்ணீர் தவறினால் வாடிவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆழமாக நனைத்தால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும்.

காலை 8 மணிக்குள் விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் சாயங்காலம். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயிலும் கறுப்புத் தொட்டியிலும் உள்ள தண்ணீர் கை வைக்க முடியாமல் சுடும். முதலில் வருகிற சூட்டுத் தண்ணீரைப் பாதையில் விட்டுவிட்டு, குளிர்ந்த பிறகு செடிக்குத் திருப்புங்கள். பந்தல் பாத்தியில் இரண்டு கொடிக்கு நடுவே மெருகு போடாத மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, மூடி வையுங்கள். பானை கசிந்து கசிந்து வேருக்கு நீர் கொடுக்கும், மேலே ஆவியாகிப் போவது குறையும்.

பூச்சி: முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்

‘வெண்டை மஞ்சளாகிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சளில் நான்கு விதம் உண்டு. நான்குக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் அடிப்பது காசைக் கரைப்பது.

ஒன்று: நரம்பு மட்டும் வலை பின்னியது போல மஞ்சளாகி, நடுவே பச்சையாக இருக்கும். இது மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ் நோய், பரப்புவது வெள்ளை ஈ. வந்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. பார்த்த அன்றே பிடுங்கிவிடுங்கள். ஐந்தாறு செடி போனாலும் மீதி பிழைக்கும்.

இரண்டு: இலை ஓரம் மஞ்சளாகி, பழுப்பாகி, மேல்நோக்கிக் குவியும். இது தத்துப்பூச்சி. வேப்பங்கொட்டைக் கரைசலுக்குக் கட்டுப்படும்.

மூன்று: ஊசியால் குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள், இலைக்கு அடியில் மெல்லிய ஒட்டடை. இது செம்பேன். முதல் மருந்து வெறும் தண்ணீர். காலையில் மூன்று நாள் தொடர்ந்து இலையின் அடிப்பக்கத்தில் படும்படி வேகமாகப் பீய்ச்சுங்கள். புழுதியும் பேனும் கழுவிக்கொண்டு போகும். உங்கள் கத்தரிக்கும் இதேதான்.

நான்கு: அடியிலுள்ள மூத்த இலைகள் மட்டும் முழுதாக மஞ்சளாகும். இது பூச்சி அல்ல. உரப் பசி அல்லது நீர்ப் பசி.

புதனும் ஞாயிறும் பாத்திக்குப் பத்து இலையைத் திருப்பிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள், அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மை. 5 சென்ட்டுக்கு இரண்டு மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடி உயரத்துக்குச் சற்று மேலே கட்டினால் வெள்ளை ஈ வருவது முன்கூட்டியே தெரியும். கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே தண்டு துளைப்பான் இருக்கிறது. அந்த நுனியைக் கிள்ளி எரித்துவிடுங்கள். காராமணியில் அசுவினி இருக்கிற இடத்தில், முதலை போல நீண்டு கறுப்பாக ஒரு புழு ஊர்ந்தால் கொல்லாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது.

இதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல். 10 லிட்டருக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பு. இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுதும் ஊறவிட்டு, பிழிந்து வடிகட்டி, 20 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து அடியுங்கள். மாலை 4 மணிக்கு மேல்தான் அடிக்க வேண்டும், வெயில் பட்டால் வேம்பின் வீரியம் போய்விடும். எட்டு, பத்து மாதத்துக்கு மேல் பழசான கொட்டையும் வீரியம் இழந்திருக்கும்.

‘நல்ல மருந்து’ என்று கேட்டிருந்தீர்கள். வெண்டையை இரண்டு நாளுக்கு ஒரு முறை பறிக்கிறோம். இன்று அடித்த மருந்து நாளை மறுநாள் பிள்ளைகளின் தட்டில் இருக்கும். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை விதித்துவிட்டது. கடையில் எது கொடுத்தாலும், பெயரையும் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பதில் வராத மருந்தை வாங்காதீர்கள்.

மீதி 12 பாத்தி?

சும்மா விட வேண்டாம், வெயிலை வேலை வாங்குங்கள். பழைய பாத்திகளைக் கொத்திப் புரட்டிப் போட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவை வாயிலும் போகும். வெண்டை வேரில் முடிச்சு முடிச்சாக இருந்த பாத்தி என்றால் அது நூற்புழு. அந்தப் பாத்தியை மட்டும் ஒரு முறை நன்றாக நனைத்து, மெல்லிய கண்ணாடி நிற பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரத்தில் மண் அணைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். கறுப்பு விரிப்பு அவ்வளவு சூடு கொடுக்காது. உள்ளே ஏறுகிற சூட்டில் நூற்புழுவும் களை விதையும் பெருமளவு அழியும். ஆடிப் பட்டத்துக்கு மண் தயாராக இருக்கும். 12 பாத்தியிலும் அப்போது விதைக்கலாம், வானம் தண்ணீர் கொடுக்கும்.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: கடன் இல்லை, கீற்றும் வேட்டியும் வீட்டில் இருப்பது. செலவு விதைக்கும் நாற்றுக்கும் பிண்ணாக்குக்கும்தான். எட்டுப் பாத்தி உங்களைப் பணக்காரர் ஆக்காது. ஆனால், ஒழுங்காகத் தண்ணீர் குடித்த எட்டுப் பாத்தி, சித்திரை வைகாசியில் உங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியைக் கைவிடாது.

இனி, மற்ற கேள்விகள்.

“மிளகாய் இலை சுருள்கிறது. என்ன அடிப்பது?” – ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்.

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு படகு போல இருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு, இலைக்காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். இலைப்பேனுக்கு நீல ஒட்டும் அட்டையும் வேப்பங்கொட்டைக் கரைசலும். சிலந்திப்பேனுக்குத் தண்ணீர் பீய்ச்சியும் கேட்காவிட்டால், நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தணிந்த மாலையில் மட்டும். சூட்டில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள். பந்தல் காய்களுக்குக் கந்தகமே வேண்டாம்.

“பாகல், பீர்க்கங்காயில் புழு. இனக்கவர்ச்சிப் பொறி வைத்தும் ஈ விழவில்லை.” – பல வாசகர்கள்.

பொறிக்குள் இருக்கிற மருந்தின் பெயரைப் பாருங்கள். மெத்தில் யூஜினால் என்றால் அது மாம்பழ ஈக்கு. பந்தல் காய்களைத் தாக்குகிற பழ ஈக்குக் கியூ லூர் என்று கேட்டு வாங்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பொறி வெறுமனே தொங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பொறியில் ஆண் ஈ மட்டுமே விழும். ஆகவே, புழு விழுந்த காய்களைத் தினமும் பொறுக்கி, பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். தோட்டத்து ஓரத்தில் எறிந்தால் புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி, மறுபடி ஈயாக வரும். கொடிக்கு அடியில் மண்ணை அவ்வப்போது கிளறிவிடுங்கள்.

“கரிசல் மண்ணில் மேட்டுப்பாத்தி வெடித்துப் பிளக்கிறது. மணல் கலக்கலாமா?” – விருதுநகர் மாவட்ட வாசகர்.

மணல் வேண்டாம். கொஞ்சம் மணல் போட்டால் பலன் இல்லை, நிறையப் போடக் கட்டுப்படியாகாது. மக்கிய உரத்தைக் கூட்டுங்கள். கரிசலுக்கு மேட்டுப்பாத்தி ஏற்றதுதான், முக்கால் அடி உயரம்கூட வைக்கலாம். ஆனால், முழுதாகக் காயவிட்டு நனைக்கிற பழக்கம் கூடாது. வெடிப்பு விழுந்தால் இளவேர் அறுந்துவிடும், அடுத்து விடுகிற தண்ணீரும் வெடிப்பு வழியாகக் கீழே போய்விடும். மூடாக்கு உங்களுக்கு மற்றவர்களைவிட அவசியம்.

“தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்துக் குழி விழுகிறது. எந்தப் பூச்சி?” – நிலக்கோட்டை பகுதி வாசகர்.

பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இருந்தாலும், தண்ணீர் சீராக இல்லாவிட்டால் அது காய்வரை போகாது. நாலு நாள் காயப் போட்டு ஒரு நாள் நிறைய விடுவதை நிறுத்துங்கள். யூரியாவைக் குறையுங்கள். புதிதாக வருகிற காய் சரியாக இருக்கும்.

“மூடாக்குப் போட்டால் கறையான் வருகிறது.” – திருத்தணி பகுதி வாசகி.

கறையானுக்குக் காய்ந்த தழைதான் சாப்பாடு. அடிமண் ஈரமாக இருந்து, தழை மக்கத் தொடங்கிவிட்டால் வரத்து குறையும். தண்டை விட்டு நாலு விரல் தள்ளிப் போடுங்கள். பாத்தியில் வேப்பம் பிண்ணாக்கு கலந்துவிடுங்கள். தழையை மட்டும் தின்றால் கவலை வேண்டாம். செடியைத் தொட்டால் அந்த இடத்து மூடாக்கை எடுத்துவிட்டு, புற்று எங்கே என்று பாருங்கள்.

இந்தப் பதினைந்து நாளில் செய்ய வேண்டியவை

காலையில் கிடைக்கிற தண்ணீரை மூன்று நாள் தொடர்ந்து குடம் கணக்கில் எண்ணி எழுதுங்கள். வைகாசியில் குறையப்போவதையும் நினைத்து, இரண்டால் வகுத்துப் பாத்தி எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். தாம்பாள மேடு போட்டு விதையுங்கள். மூடாக்குக்குத் தழை சேருங்கள். மேற்கில் தட்டி கட்டுங்கள்.

உங்கள் பகுதியில் புதிதாக நோய் கண்டால், இலையை ஈரமில்லாத காகிதத்தில் சுற்றி மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உழவர் அழைப்பு மையத்துக்கு 1800 180 1551 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். நமக்கு எழுதும்போது மண் வகை, தண்ணீர் அளவு, விதைத்த தேதி மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அந்த மூன்றும் இருந்தால் பாதிப் பதில் கடிதத்திலேயே கிடைத்துவிடும்.

அடுத்த இதழில்: வைகாசி, ஆனியில் உதிரும் வேப்பம் பழத்தைப் பொறுக்கிப் பூஞ்சை பிடிக்காமல் உலர்த்திச் சேமிப்பது எப்படி?